டெனிஷ் கடதாசி இதயம்: பாய் இழைத்துப் பழகிய கைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

நவம்பர் பிறந்தால் டென்மார்க் நூலகங்களில் ஒரு மேசை நிரம்பிவிடும். வீட்டைக் குளிர்காலத்தில் எப்படிக் கதகதப்பாக வைத்திருப்பது, தோட்டத்துப் பாத்திகளை எதனால் மூடுவது, கம்பளி நூலில் காலுறை எப்படிப் பின்னுவது, மெழுகுதிரி எப்படி வார்ப்பது என்று ஒரே கெட்டி அட்டைப் புத்தகங்கள். அட்டைப்படமும் அநேகமாக ஒன்றுதான்: ஜன்னலோரம் ஒரு மெழுகுதிரி, ஒரு கம்பளிப் போர்வை, ஆவி பறக்கும் கோப்பை. வருடா வருடம் அதில் மூன்று நான்கை அள்ளிக்கொண்டு வருவேன். பாதியைப் படம் பார்த்தே திருப்பிக் கொடுப்பேன் என்பது வேறு கதை.

அந்தப் புத்தகங்களில் பெரும்பாலானவற்றின் பின்பக்கங்களில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கடதாசி இதயம் இருக்கும். நத்தார் (கிறிஸ்துமஸ்) மரத்தில் தொங்கும் குட்டிப் பை அது. டெனிஷில் யூலெயேர்ட என்பார்கள், நத்தார் இதயம். விளக்கம் என்று பார்த்தால் மூன்று வரி: இரண்டு துண்டு வெட்டுங்கள், ஒன்றுக்குள் ஒன்றை இழையுங்கள், பிடி ஒட்டுங்கள். அதற்குமேல் எழுத யாருக்கும் தோன்றுவதில்லை. இங்குள்ள பிள்ளைகள் பாலர் பள்ளியிலேயே இதைக் கற்றுவிடுகிறார்கள். தோசையை எப்படித் திருப்பிப் போடுவது என்று நம் சமையல் புத்தகங்களில் எழுதியிருக்கிறதா என்ன?

முதல் தடவை நான் மிகுந்த தைரியத்தோடுதான் உட்கார்ந்தேன். அம்மம்மா குருத்தோலை வார்ந்து குட்டானும் கடகமும் இழைப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஒன்று மேலே, ஒன்று கீழே, அடுத்த வரியில் மாற்றிப் போடு. அரை மணித்தியாலத்தில் சதுரங்கப் பலகைபோல அழகாக வந்துவிட்டது. பையின் வாயைத் திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை. நான் இழைத்தது பை அல்ல, பாய்.

இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு பிழையைச் சுற்றித்தான். ஓலை வேலை, பாய் வேலை, ஏன் பள்ளிக்கூடத்தில் கடதாசிப் பாய் இழைத்தது நினைவிருந்தாலும்கூட, உங்கள் விரல் உங்களை ஏமாற்றும். ஒன்றும் தெரியாத ஆறு வயதுப் பிள்ளை உங்களுக்கு முன்னே முடித்துவிடும்.

எங்கிருந்து வந்தது

முதலில் செய்தவர் யார் என்பது யாருக்கும் தெரியாது. மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனின் கைவேலை. 1860 அளவில் செய்தது, அவர் பிறந்த ஊரான ஓடென்ஸில் அவர் பெயரிலேயே இருக்கும் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். ஆண்டர்சனுக்குக் கத்தரிக்கோல் பேனாவைப் போலவே கைவந்த கருவி. பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டே மடித்த கடதாசியை வெட்டிக்கொண்டிருப்பாராம். கதை முடியும்போது விரித்தால் உள்ளே நடனமாடும் பெண்களும் அன்னங்களும் இருக்கும்.

1871-இல் ஒரு டெனிஷ் கைவேலை இதழ் இந்த இதயத்தின் செய்முறையை அச்சிட்டது. ஆனாலும் வீட்டுக்கு வீடு பரவியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது பாலர் பள்ளிகள். ஜெர்மனியில் பிரீட்ரிக் ஃபுரூபல் தொடங்கிய கிண்டர்கார்டன் முறையில் கடதாசிப் பட்டைகளை இழைப்பது பிள்ளைகளின் விரல் பயிற்சிகளில் ஒன்று. அந்த முறை டென்மார்க்குக்கு வந்தபோது பளபளப்புக் கடதாசியும் கூடவே வந்து, நத்தார் காலத்தில் பயிற்சி இதயமாயிற்று. சிவப்பும் வெள்ளையும் டெனிஷ் கொடியின் நிறங்கள். இங்கே நத்தார் மரத்தில் குட்டிக் கொடிகளைச் சரமாகக் கட்டுவது வழக்கம் என்பதால், இதயமும் அந்த நிறத்திலேயே வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

டிசம்பர் 21-ஆம் தேதி கொப்பன்ஹேகனில் சூரியன் காலை எட்டரைக்குப் பிறகு எழுந்து, பிற்பகல் மூன்றே முக்காலுக்கு முன்பே போய்விடும். ஏழு மணி நேரப் பகல், அதுவும் மேகம் விட்டால்தான். பிள்ளைகள் பள்ளியால் வரும்போதே இருட்டு. அந்த இருட்டில் வீட்டார் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வெட்டி ஒட்டுவதற்கென்றே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: கிளிப்ப-கிளிஸ்த்ர, வெட்டு-ஒட்டு. டிசம்பர் தொடங்கும்போது பள்ளிகளில் பெற்றோரையும் கூப்பிட்டு ஒரு முழு நாள் இதற்கே ஒதுக்குவார்கள். நெருங்கியவர்களோடு கதகதப்பாக, நிம்மதியாக இருப்பதைச் சொல்லும் ஹுகே என்ற டெனிஷ் சொல்லை உலகம் முழுக்கப் போர்வையும் வாசனை மெழுகுதிரியுமாக விற்றுத் தீர்த்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், கோந்து காய்ந்த விரல்களோடு நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும் அந்த மேசைதான் அந்தச் சொல்லுக்கு நான் பார்த்த சரியான பொருள்.

கடதாசி

இங்குள்ள கடைகளில் இதற்கென்றே பளபளப்புக் கடதாசி விற்கிறார்கள். ஒரு பக்கம் நிறம், மறுபக்கம் வெள்ளை. நல்ல வழுக்கல். அந்த வழுக்கல் அழகுக்கு மட்டுமல்ல. பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்று சறுக்கிப் போகவேண்டும் என்பதால் வேலைக்கும் அது தேவை.

அது கிடைக்காவிட்டால், அச்சிடும் இயந்திரத்துக்குப் போடுகிற ஏ4 கடதாசியிலேயே செய்யலாம். 80 கிராம் கடதாசி போதும். 120 கிராமுக்குமேல் போகாதீர்கள். ஓர் இடத்தில் நான்கு படை சேரும், கெட்டிக் கடதாசியாக இருந்தால் கடைசிப் பட்டை உள்ளேயே போகாது. பட்டம் கட்டும் றிசுக் கடதாசி எதிர்ப்பக்கம்: தொட்டால் கிழியும். இரண்டு நிறத்துக்கும் ஒரே தடிப்புள்ள கடதாசி எடுங்கள். ஒன்று மெல்லிசு, ஒன்று கெட்டி என்றால் மெல்லிசு சுருண்டு மடங்கி உங்கள் பொறுமையைச் சோதிக்கும்.

மற்றபடி வேண்டியவை: கூரான கத்தரிக்கோல், பென்சில், அடிமட்டம், குச்சி வடிவக் கோந்து, காகிதக் கிளிப் இரண்டு. வாய் 8 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு கோப்பையோ மூடியோ தேடி வையுங்கள். கடைசியாக ஒரு ஐஸ்கிறீம் குச்சி. எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

அளந்து வெட்டுதல்

முதல் இதயத்துக்கு நான் சொல்லும் அளவு இது. சிவப்பில் ஒரு துண்டு, வெள்ளையில் ஒரு துண்டு, ஒவ்வொன்றும் 8 செ.மீ. அகலம், 24 செ.மீ. நீளம். ஒரே ஏ4 தாளில் இப்படி இரண்டு துண்டு வெட்டலாம்.

ஒவ்வொரு துண்டையும் நிறம் வெளியே தெரியும்படி குறுக்கே இரண்டாக மடியுங்கள். இப்போது 8 அகலம், 12 நீளம். மடிப்பை நகத்தால் நன்றாக நீவிவிடுங்கள். ஒரு நுனியில் மடிப்பு, மறு நுனியில் இரண்டு தாள் விளிம்பு.

மடிப்பிலிருந்து 8 செ.மீ. தள்ளி, குறுக்கே மெல்லிய பென்சில் கோடு ஒன்று போடுங்கள். கோட்டுக்கும் மடிப்புக்கும் இடையில் இருப்பது சரியான சதுரம். அதுதான் இழைபடப் போகிற பகுதி. கோட்டுக்கு அப்பால் மிஞ்சும் 4 செ.மீ. இதயத்தின் தோள். கோப்பையைக் கவிழ்த்து, அதன் விளிம்பு தாளின் இரு பக்கங்களையும் நுனியையும் தொடும்படி வைத்து, அரைவட்டம் வரைந்து வெட்டுங்கள். இப்போது துண்டு பார்ப்பதற்கு ஒரு கல்லறைக் கல் மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் அதற்கு "பாண்" என்று பெயர். அச்சுப் பாண் துண்டு மாதிரியும் இருக்கிறதுதானே.

அடுத்து பட்டைகள். மடிப்பு விளிம்பில் 2, 4, 6 செ.மீ. இடங்களில் குறி வையுங்கள். அங்கிருந்து அரைவட்டத்தை நோக்கி நேர்கோடுகள் மூன்று. பென்சில் கோட்டோடு நிற்காமல் அதைத் தாண்டி 3 மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டுங்கள். அதாவது 8.3 செ.மீ. இந்த மூன்று மில்லிமீட்டரைப் புத்தகங்கள் சொல்வதில்லை. சொல்லாததால் எத்தனை இதயம் குப்பைக் கூடைக்குப் போயிருக்குமோ. கடதாசிக்குத் தடிப்பு உண்டு. ஒன்றைச் சுற்றி ஒன்று போகும்போது அந்தத் தடிப்பு நீளத்தைத் தின்னும். சரியாக 8-இல் நிறுத்தினால் கடைசி வரிசைக்கு இடமிருக்காது.

வெட்டு எப்போதும் மடிப்புப் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். வட்டப் பக்கத்திலிருந்து வெட்டினால் பட்டையே கிடையாது, தோளைப் பிளந்துவிடுவீர்கள். சிரிக்காதீர்கள், இரவு பத்து மணிக்குச் செய்து பாருங்கள் தெரியும்.

இரண்டு நிறத்தையும் சேர்த்து வைத்து ஒரே வெட்டில் முடிக்கலாமா? முடிக்கலாம், அளவு ஒன்றுபோல வரும். ஆனால் வழுக்குக் கடதாசி கத்தரிக்கோலின் வாயில் நழுவும். இரு பக்கமும் கிளிப் போட்டுக்கொள்ளுங்கள். நிறைய இதயம் செய்வதென்றால் பழைய கோர்ன்பிளேக்ஸ் பெட்டியின் மட்டையில் ஒரு அச்சு வெட்டி வைத்து, அதைச் சுற்றி வரைவதே சுகம்.

வெட்டி முடித்ததும் ஒரு பட்டையை விரலால் திறந்து பாருங்கள். முன் தாள், பின் தாள், நுனியில் மடிப்பு. அது ஒரு பட்டை அல்ல, ஒரு வளையம். இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். மிச்சம் எல்லாம் இதில்தான் இருக்கிறது.

பாயும் பையும்

பாயில் ஓர் ஓலை இன்னொன்றுக்கு மேலே போகும், அல்லது கீழே போகும். வேறு வழியில்லை. கடதாசி இதயத்தில் மேலும் கீழும் என்ற பேச்சே இல்லை. ஒரு வளையம் இன்னொன்றுக்கு உள்ளே போகும், அல்லது இன்னொன்றைத் தன் உள்ளே எடுத்துக்கொள்ளும். நான் பிள்ளைகளுக்கு இரண்டு சொல் வைத்திருக்கிறேன்: நுழை, விழுங்கு.

ஒரு சந்திப்பை மட்டும் எடுத்துப் பாருங்கள். சிவப்பு வளையத்துக்குள் வெள்ளை வளையம். முன்னாலிருந்து எண்ணினால் சிவப்புத் தாள், வெள்ளைத் தாள், பிறகு வெற்றிடம், பிறகு வெள்ளைத் தாள், சிவப்புத் தாள். நடுவில் வெற்றிடம் இருக்கிறது. பதினாறு சந்திப்பிலும் இப்படியே இருந்தால் பதினாறு வெற்றிடமும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே வயிறாகிவிடும். அதுதான் பை. பாய் முறையில் சிவப்பு வளையம் முழுசாக வெள்ளை வளையத்தின்மேல் கிடந்தால், சிவப்பின் வெற்றிடம் மேலே, வெள்ளையின் வெற்றிடம் கீழே. இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. ஒரே ஒரு சந்திப்பில் இப்படிப் பிழைத்தாலும் அந்த இடத்தில் பையின் வயிற்றுக்குள் குறுக்கே ஒரு தடுப்பு விழுந்துவிடும்.

சரிபார்க்க இதைவிட எளிய வழியும் உண்டு. பாயைத் திருப்பினால் நிறம் மாறும்: முன்னால் சிவப்பு இருந்த கட்டத்தின் பின்னால் வெள்ளை. இதயத்தைத் திருப்பினால் மாறாது. முன்னால் எந்தக் கட்டம் சிவப்போ அதன் பின்னாலும் சிவப்பு. வேலை நடுவே சந்தேகம் வந்தால் திருப்பிப் பாருங்கள்.

இழைத்தல்

சிவப்பை இடது கையில் பிடியுங்கள்; வட்டத் தோள் இடப்பக்கம் மேலே, பட்டைகள் வலப்பக்கம் கீழே சரிந்து. வெள்ளை வலது கையில். தோள் வலப்பக்கம் மேலே, பட்டைகள் இடப்பக்கம் கீழே. இரண்டு தோளும் மேலே சேர்ந்து இதயத்தின் பள்ளம் உண்டாகும். கூர்முனை உங்கள் மடியைப் பார்த்திருக்கும். இரண்டிலும் மேலேயிருக்கும் பட்டைக்கு 1 என்று பெயர், கீழே வரவர 2, 3, 4. முதல் இதயத்தில் பென்சிலால் எண்களை எழுதிக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

தொடக்கம் சிவப்பு 1. அது முதலில் சந்திப்பது வெள்ளை 1-ஐ. வெள்ளை 1-இன் இரண்டு தாளையும் பிரித்து, நடுவே சிவப்பு 1-ஐ நுழைத்துவிடுங்கள். நுழை. அடுத்தது வெள்ளை 2. இப்போது வாய் திறக்க வேண்டியது சிவப்பு. சிவப்பு 1-இன் தாள்களைப் பிரித்து வெள்ளை 2-இன் மடிப்பு நுனியைப் பக்கவாட்டில் உள்ளே தள்ளுங்கள். விழுங்கு. வெள்ளை 3-க்குள் சிவப்பு நுழையும். வெள்ளை 4-ஐச் சிவப்பு விழுங்கும். முதல் வரிசை முடிந்தது. வெள்ளை, சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று கட்டங்கள் தெரிந்தால் சரி. நுழைந்த இடத்தில் வெள்ளை தெரியும், விழுங்கிய இடத்தில் சிவப்பு தெரியும்.

இந்த வரிசையை மெதுவாக மேலே, வெள்ளைத் தோளை நோக்கித் தள்ளிவிடுங்கள். முற்றாக இறுக்க வேண்டாம். நுனியைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம். பட்டையின் ஓரத்தை இரு விரலால் தள்ளுங்கள். இழுத்தால் வெட்டின் அடியில் கிழியும்.

சிவப்பு 2 எதிர்மாறாகத் தொடங்கும்: வெள்ளை 1-ஐ விழுங்கு, 2-இல் நுழை, 3-ஐ விழுங்கு, 4-இல் நுழை. சிவப்பு 3 முதலாவதைப் போல, சிவப்பு 4 இரண்டாவதைப் போல. சிறு பிள்ளைகளோடு செய்தால் சத்தமாகச் சொல்லவிடுங்கள். வாய் சொல்வதைக் கை கேட்கும். வாய்ப்பாடு மனப்பாடம் செய்வதைவிட இது கேட்க நன்றாகவே இருக்கும்.

மூன்றாவது வரிசை வரும்போது கை பழகிவிட்டது என்று தோன்றும். அங்கேதான் கவனம் சிதறி, ஒரு தாளுக்கு மட்டும் மேலாகப் போய்விடும். அதாவது வளையத்தின் முன் தாளுக்கும் பின் தாளுக்கும் நடுவே போகவேண்டியது, வெளியே வழுகி ஒரு பக்கமாக நிற்கும். முன்னாலிருந்து பார்த்தால் நிறம் சரியாகவே இருக்கும். பின்பக்கம் காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் திருப்பிப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள். நாலாவது வரிசையில் கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும்.

கடைசிப் பட்டை

சிவப்பு 4 எல்லோரையும் வருத்தும். இடம் இல்லை, வெள்ளைப் பட்டைகளின் நுனி மட்டும்தான் மிஞ்சியிருக்கும், விரல் உள்ளே போகாது. ஐஸ்கிறீம் குச்சிக்கு இங்கேதான் வேலை. வெள்ளை வளையத்துக்குள் குச்சியை விட்டுச் சற்றே வாய் பிளந்து வைத்துக்கொண்டு சிவப்பை உள்ளே தள்ளுங்கள். கரண்டிக் காம்பும் உதவும். கூரான எதையும் விடாதீர்கள்.

போகவில்லையா? மேலேயுள்ள மூன்று வரிசைகளையும் வெள்ளைத் தோளை நோக்கி இன்னும் சற்றுத் தள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர் இடம் கிடைத்தாலே போதும். அப்போதும் இல்லையென்றால் வெட்டுகள் கட்டையாகிவிட்டன என்று பொருள். கழற்றி, இரண்டு துண்டிலும் எல்லா வெட்டுகளையும் இன்னும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீட்டுங்கள். ஒரு துண்டில் மட்டும் நீட்டினால் சதுரம் கோணலாகும்.

கடைசிச் சந்திப்பும் முடிந்ததும் மேசையில் படுக்கவைத்து, உள்ளங்கையால் தட்டையாக அழுத்தி, நான்கு பக்கமும் விரலால் தள்ளிச் சதுரத்தை நேராக்குங்கள். பள்ளத்தில் மெல்லிய ஓட்டை தெரிந்தால் வெட்டு கொஞ்சம் நீண்டுவிட்டது, அடுத்த முறை குறைத்துக்கொள்ளலாம். இதயம் பந்துபோல உப்பினால் வெட்டு போதவில்லை.

இப்போது இரண்டு தோள்களின் தாள்களையும் பிரித்து விரலை உள்ளே விடுங்கள். கூர்முனை வரை தடையில்லாமல் போகவேண்டும். நடுவில் முட்டினால், முட்டும் இடத்தைக் கண்ணால் தேடுங்கள். எந்தக் கட்டத்தில் உள்ளே குறுக்காகத் தாள் போகிறதோ அந்தச் சந்திப்பு பாயாகிவிட்டது. கடைசி வரிசையிலிருந்து பின்னோக்கிக் கழற்றி அது வரை வாருங்கள். நடுவிலிருந்து ஒன்றை மட்டும் உருவித் திருத்த முடியாது. நான் முயன்று பார்த்திருக்கிறேன்.

வெட்டின் அடியில் சிறு கிழிசல் விழுந்தால் உட்பக்கத்தில் டேப் ஒரு துண்டு போதும். வெளியே தெரியாது.

பிடி

1.5 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீளத்தில் ஒரு பட்டை. பள்ளத்துக்கு அருகே, ஒரு நுனியை முன்பக்கத்தின் உட்புறத்திலும் மறு நுனியை பின்பக்கத்தின் உட்புறத்திலும் ஒட்டுங்கள். ஒவ்வொன்றும் 2 செ.மீ. அளவுக்காவது உள்ளே இறங்கட்டும். இரண்டு நுனியையும் ஒரே பக்கத்தில் ஒட்டினால் தொங்கவிட்டதும் இதயம் முகங்குப்புறச் சாயும். கோந்து காயும் வரை கிளிப் போட்டு வையுங்கள். தண்ணீர்க் கோந்து கடதாசியை நெளியவைக்கும், குச்சிக் கோந்தே நல்லது.

பழகிய பிறகு

பட்டைகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம். அகலம் ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே போனால் பொறுமை வேறு கணக்கில் தேவைப்படும். மூன்று வயது நாலு வயதுப் பிள்ளைகளுக்கு எதிர்த்திசை: 9 செ.மீ. அகலம், இரண்டே வெட்டு, 3 செ.மீ. அகலத்தில் மூன்று பட்டை. நீளமும் அதற்கேற்ப 27 செ.மீ.

ஒற்றைப்படை எண்ணில் ஒரு விசேஷம் உண்டு. நான்கு பட்டையில் சிவப்புக் கட்டமும் வெள்ளைக் கட்டமும் எட்டுக்கு எட்டு. மூன்று பட்டையில் ஒன்பது கட்டம், அதில் ஒரு நிறம் ஐந்து, மற்றது நான்கு. நுழைந்து தொடங்கினால் வெள்ளைக்கு ஐந்து, நடுக்கட்டமும் வெள்ளை. விழுங்கித் தொடங்கினால் சிவப்புக்கு. ஆகவே நடுவில் எந்த நிறம் வேண்டும் என்று முதலே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தது சமமற்ற பட்டைகள். அதே 8 செ.மீ. அகலத்தை 1, 1.5, 3, 1.5, 1 என்று ஐந்தாகப் பிரியுங்கள். இழைக்கும் முறை அதேதான், ஆனால் முடிந்ததும் நடுவில் ஒரு பெரிய கட்டமும் அதைச் சுற்றி நீளக் கட்டங்களும் மூலைகளில் குட்டிக் கட்டங்களுமாக வேறொரு பின்னலாகத் தெரியும். ஐந்து என்பதால் விழுங்கித் தொடங்குங்கள், நடுப் பெரிய கட்டம் சிவப்பாக வரும். பட்டைகளை இரு பக்கமும் ஒத்த அளவில் பிரித்திருப்பதால் இரண்டு நிறத்துக்கும் ஒரே அச்சு போதும்.

வளைந்த கோடுகளில் வெட்டி இதயத்துக்குள் இதயமும் நட்சத்திரமும் வரவழைக்கும் கோலங்களும் இருக்கின்றன. அவற்றின் அச்சுகளை நூலகப் புத்தகங்களில் பிரதி எடுப்பதே வழி. ஒரு எச்சரிக்கை மட்டும்: வளைந்த பட்டை நேராகச் சறுக்காது. ஒரு பட்டை முழுவதையும் நுழைத்துவிட்டு அடுத்ததுக்குப் போகாமல், எல்லாப் பட்டைகளையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டு வரவேண்டும். பத்து நேர் இதயமாவது செய்யாமல் அதில் கைவைக்காதீர்கள்.

உள்ளே என்ன, எங்கே தொங்கவிடுவது

டெனிஷ்காரர் இதற்குள் பேவர்நொதர் போடுவார்கள். சுண்டுவிரல் நுனியளவில், கறுவாவும் இஞ்சியும் மணக்கும் உருண்டை பிஸ்கட். பத்துப் பதினைந்து போட்டாலும் பை தாங்கும். உலர்ந்த முந்திரிகை, தோல் நீக்கிய பருப்புகள் எல்லாம் பொருந்தும். எங்கள் வீட்டில் வறுத்த கச்சானும் கல்கண்டும். ஒரு வருடம் முறுக்கை உடைத்துப் போட்டேன். மறுநாள் பார்த்தால் எண்ணெய் ஊறி, வெள்ளைக் கட்டங்கள் எல்லாம் கண்ணாடிபோல உள்ளே தெரிந்தன. எண்ணெய்ப் பலகாரம் என்றால் உள்ளே ஒரு மெழுகுத் தாள் போட்டுவிடுங்கள்.

24-ஆம் தேதி இரவு இங்கே பல வீடுகளில் மரத்தில் உண்மையான மெழுகுதிரிகளை ஏற்றி, கைகோர்த்து மரத்தைச் சுற்றிப் பாடிக்கொண்டு நடப்பார்கள். பார்க்க அழகு, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் இருக்கும். அப்படி ஏற்றுவதாக இருந்தால் எந்த இதயமும் எந்தச் சுடருக்கும் நேர்மேலேயோ பக்கத்திலேயோ வரக்கூடாது. கிளை நுனியில் திரி, உட்பக்கத்தில், கீழ்க்கிளையில் இதயம். மரம் வைக்காதவர்கள் ஜன்னல் கைபிடியில் ஒரு நூல் கட்டி ஐந்தாறு இதயத்தை வரிசையாகத் தொங்கவிடலாம். வெளியே நாலரை மணி இருட்டு, உள்ளே விளக்கு. தெருவிலிருந்து பார்க்க நன்றாயிருக்கும்.

ஜனவரியில் கழற்றி, பிடியை மடித்து உள்ளே விட்டு, தட்டையாக அழுத்தி ஒரு தடித்த புத்தகத்துக்குள் வையுங்கள். நூலகப் புத்தகமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி ஒருமுறை நான்கு இதயங்கள் புத்தகத்தோடேயே திரும்பிப் போய்விட்டன. கேட்டு வாங்க வெட்கமாக இருந்தது.

போன வருடம் ஒன்றைத் தட்டையாக அழுத்திக் கடித உறைக்குள் வைத்து யாழ்ப்பாணத்துக்கு அம்மாவுக்கு அனுப்பினேன். வீடியோ அழைப்பில் உறையைப் பிரித்தார். வாயைத் திறந்து பார்ப்பார் என்று காத்திருந்தேன். அவர் முதலில் செய்தது, அதைத் திருப்பி முதுகைப் பார்த்தது. பெட்டி இழைக்கிறவர்கள் எதையும் அப்படித்தான் பார்ப்பார்கள். பிறகு மறுபடி திருப்பினார். இன்னொரு முறையும் திருப்பினார்.

"என்ன பிள்ளை, இதுக்குப் பின்பக்கமே இல்லை?"

நுழைவதையும் விழுங்குவதையும் விளக்கினேன். கேட்டாரா என்று தெரியவில்லை. விரலை உள்ளே விட்டு ஒவ்வொரு கட்டமாகத் தடவிக்கொண்டிருந்தார். ஓலையில் இது வராது, ஓலையை இப்படி மடித்தால் வெடித்துவிடும் என்று நான்தான் சொன்னேன்.

"காய்ஞ்ச ஓலை எண்டால் வெடிக்கும்தான்" என்றார். "நனைச்சுப்போட்டு ஒருக்கால் செய்து பாக்கிறன். அந்தக் கூடுதல் வெட்டு எவ்வளவெண்டு சொன்னனீ?"